ரெண்டு கார்புரேட்டர், ஒரே மூச்சு

இன்னிக்கு மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியுற ஒரு வரலாற்றுல ஆரம்பிக்கலாம் நண்பர்களே. கொஞ்சம் பொறுமையா கூடவே வாங்க. கடைசியில் ரத்தத்துக்கு வந்துடுவோம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணோட பானட்டைத் திறந்தா, என்ஜினுக்குப் பக்கத்துல கூஜா மாதிரி ரெண்டு நிற்கும். ரெண்டுமே கார்புரேட்டர்தான். ஒரு காருக்கு எதுக்கு ரெண்டு?

கார்புரேட்டரோட வேலை பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புறது. 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். நாலு சிலிண்டருக்கும் நடுவுல ஒரே ஒரு கார்புரேட்டர் வச்சா, ஓரத்துல இருக்கிற சிலிண்டர்களுக்குக் கலவை போய்ச் சேர்ற தூரம் அதிகம். பந்தியில் கடைசி இலைக்குக் குழம்பு குறையுற கதைதான். ரெண்டு வச்சா ஆளுக்கு ரெண்டு சிலிண்டர். வேகமும் கூடும்.

இந்தக் கூஜா வடிவக் கார்புரேட்டருக்குப் பேர் எஸ்.யூ. இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் உருவாக்கியது. குடும்பத் தொழில் தோல் என்பதாலோ என்னவோ, ஆரம்பகால எஸ்.யூ.வுக்குள்ளே காற்றுக்கு ஏத்த மாதிரி விரிஞ்சு சுருங்கியது ஒரு தோல் துருத்தி! பிறகு அந்த இடத்துக்கு உலோக பிஸ்டன் வந்தது. 1910இல் கம்பெனி ஆனது, 1926இல் மோரிஸ் வாங்கினார். எம்.ஜி., ட்ரையம்ஃப், ஜாகுவார் என்று பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் எஸ்.யூ. ஜோடி ஜோடியாக உட்கார்ந்தது இப்படித்தான்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

1961 முதல் நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டு கார் தயாரித்தது. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்து இங்கிலாந்தில் 1962இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1147 சிசி என்ஜின், ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர். அதாவது நம்ம ஊர் ரோட்டுல குடும்பத்தோடு கோயிலுக்குப் போன ஹெரால்டுக்கு, ஸ்பிட்ஃபயர் தம்பி முறை.

இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தியது. ஹெரால்டும் ஃபியட்டும் பட்டறையில் உருமாறி அங்கே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வரும்வரை, சென்னை மெக்கானிக்குகளுக்கு சோழவரம்தான் பரீட்சை ஹால்.

இப்போ அவங்க கைப்பக்குவத்துக்கு வருவோம்.

ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கணும். ஒண்ணு அதிகமா, ஒண்ணு குறைவா இழுத்தா என்ஜின் நொண்டும்.

1. முதலில் வால்வு இடைவெளி, ஸ்பார்க் பிளக், இக்னிஷன் டைமிங் சரிபார்க்கணும். அங்கே கோளாறை வச்சுக்கிட்டு கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை.

2. என்ஜினை நல்லா சூடாக்கி, ஏர் ஃபில்டர்களைக் கழட்டி, ரெண்டையும் இணைக்கிற கம்பியின் கிளாம்பைத் தளர்த்தணும்.

3. ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். 'உஸ்ஸ்' என்று கேட்கும். ரெண்டுலயும் அந்தச் சத்தம் ஒண்ணாகும்வரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்பணும். பிறகு கிளாம்பை இறுக்கணும்.

4. காற்று சமமான பிறகுதான் பெட்ரோல். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்ப்பாங்க. என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்னா பெட்ரோல் அதிகம். அணைந்து போனா குறைவு. லேசா ஏறி இறங்கினா சரி.

மூணாவது படி எங்களுக்கு ரொம்பப் பழக்கம்! 1816இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வச்சுக் கேட்டதுதான் ஸ்டெதஸ்கோப்பின் பிறப்பு. வலது, இடது நுரையீரல்களுக்குள் காற்று சமமா போகுதான்னு நாங்க இன்னிக்கும் அப்படித்தான் ஒப்பிட்டுக் கேட்கிறோம்.

ஆனா காதால் கேட்க முடியாத ஒண்ணு அந்தப் பட்டறையில் இருந்தது.

பெட்ரோல் அதிகமாகி காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு அதிகமா வரும். நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமா ஒட்டிக்கும். ஷட்டரை இறக்கிட்டு, ஓடும் என்ஜின் மேல் குனிந்து காது கொடுப்பவர் உடம்புக்குள்ள அது போய்க்கிட்டே இருக்கும்.

புலன்களுக்குப் பிடிபடாத விஷம் என்ன செய்யும்னு மரக்காணம் எக்கியார்குப்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்த ஊர் அது. குடிச்சவங்க நாக்குக்கு அது வித்தியாசம் காட்டவில்லை.

எனவே அளக்க வேண்டியிருந்தது. 1989 மோட்டார் வாகன விதிகள் ஐட்லிங் புகையில் கார்பன் மோனாக்சைடுக்கு வரம்பு வைத்தன. பெட்ரோல் கார்களுக்கு 3%. 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டரும் ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்தது. மெக்கானிக்கின் காது செய்த வேலையைப் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் எடுத்துக்கிச்சு.

ஒரு கைத்தொழில் அழிஞ்சதுன்னு வருத்தப்படலாம். ஆனா அந்தத் தொழில் செஞ்சவங்களோட ரத்தத்தையும் கணக்குல சேர்க்கணும் இல்லையா?

இன்னமும் பழைய கார், பைக், ஜெனரேட்டர் வச்சிருப்பவர்களுக்கு:

- மூடிய இடத்தில் என்ஜினை ஓட விடாதீங்க. கதவைத் திறந்து வச்சாலும் போதாது. வண்டியை வெளியே தள்ளிட்டு வந்து ட்யூன் பண்ணுங்க.

- ஈசிஆர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் கரையோரத்தில் உலோகம் பூத்து எஸ்.யூ. பிஸ்டன் சிக்கிக்கும். கலவை கெடும். கழட்டித் துடைத்து வையுங்க.

- வாயால் பெட்ரோலை உறிஞ்சவே கூடாது. புரையேறினா நுரையீரல் வெந்துடும்.

- வேலை நடுவே தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தா உடனே வெளிக்காற்றுக்கு வாங்க. 108 கூப்பிடுங்க. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 காட்டினாலும் நம்பாதீங்க. அதுக்கு ஆக்சிஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. 'புகையில் இருந்தேன்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. சிகிச்சை ஆக்சிஜன்தான்.

உங்க தெருவில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் அண்ணன் யாராவது இருந்தா, இதை அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.