மழையில் முங்கிய மோட்டாரை உடனே போடாதீங்க! கடற்கரை வீடுகளில் தரைத்தொட்டி மோட்டாரை காப்பாற்றுவது எப்படி?

விளாத்திகுளம்:

பருவமழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுவது ஒரு கஷ்டம். தண்ணீர் வடிந்த பிறகு மோட்டார் ஓடாமல், குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் ஏற்ற முடியாமல் தவிப்பது இன்னொரு கஷ்டம். இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெள்ளத்தில் முங்கிய மோட்டார்களில் பல, வெள்ளத்தால் மட்டும் கெட்டுப் போவதில்லை. மறுநாள் அவசரப்பட்டு சுவிட்சை போடுகிறார்களே, அந்த ஒரு நிமிடத்தில்தான் காயில் கருகுகிறது.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் தாலுகாவில், வைப்பாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது கீழவைப்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் ஒன்று. முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்று போனது. இப்போது மீன்பிடிதான் பிழைப்பு. பக்கத்திலேயே சிப்பிகுளம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு, சுற்றிலும் உப்பு மண். இந்த மாதிரி கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், குழாயில் வரும் நல்ல தண்ணீரை பிடித்து வைத்தால்தான் உண்டு. அதுவும் வேகமாக வராது. அதனால் தரைக்கு கீழே தொட்டி கட்டி, தண்ணீர் தானாக வந்து விழும்படி செய்து, பிறகு அரை எச்.பி. மோட்டாரில் மாடி சின்டெக்சுக்கு ஏற்றுகிறார்கள். இதைத்தான் சம்ப் என்றும் சொல்கிறோம். தொட்டி தாழ்வாக இருப்பதால், தெருவில் ஓடும் மழைத் தண்ணீரும் முதலில் அங்கேதான் இறங்கும்.

2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் பெய்த மழையை மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். தூத்துக்குடி நகரில் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கோவில்பட்டி பக்கம் கனமழை. எந்த ஆண்டு எந்த ஊருக்கு என்று சொல்ல முடியாத நிலை.

இப்படி முங்கிய மோட்டாரின் உள்ளே என்ன நடக்கிறது? காயில் என்பது வார்னீஷ் பூசிய செம்புக் கம்பி. அதில் சேறும் உப்புத் தண்ணீரும் இறங்கினால் கம்பிக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையில் மின்சாரம் கசிய வழி கிடைக்கிறது. காய்ந்த பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டு விடும். காயாமல் 230 வோல்ட் கொடுத்தால் அங்கேயே பொறி பறந்து, புகை வந்து, கதை முடிந்தது. பிறகு வைண்டிங் கட்டுவதை தவிர வேறு வழியில்லை. அரை எச்.பி. மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கி விடலாம் என்ற நிலை. கடலுக்கு போகாத நாட்களில் அந்த பணத்துக்கு எங்கே போவது?

முதலில் நல்ல தண்ணீரில் கழுவணும்

மெயின் சுவிட்சை அணைத்து, வயரை கழற்றி, மோட்டாரை மெக்கானிக் கடைக்கு கொண்டு போவதுதான் முதல் வேலை. அங்கே அதை பிரித்து, காயிலை நல்ல தண்ணீர் விட்டு கழுவுவார்கள். 'ஏற்கனவே நனைஞ்சதை இன்னும் நனைக்கிறானே' என்று பார்ப்பவர்களுக்கு தோன்றும். ஆனால் உப்பையும் சேற்றையும் எடுக்காமல் காய வைத்தால் உப்பு அப்படியே உள்ளே தங்கி விடும். அடுத்த முறை காற்றில் ஈரம் ஏறும்போது அதே உப்பு மறுபடியும் கசிவை உண்டாக்கும்.

கடலுக்கு போகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. படகு என்ஜினை கரைக்கு கொண்டு வந்ததும் நல்ல தண்ணீர் ஓட விட்டு உப்பை கழுவுகிறார்கள். போல்ட்டுக்கு கிரீஸ் வைக்கிறார்கள். அதே வீட்டின் கொல்லையில் இருக்கும் தண்ணீர் மோட்டாரை மட்டும் ஓடுகிற வரைக்கும் யாரும் திரும்பி பார்ப்பதில்லை.

கழுவிய பிறகு இரண்டு, மூன்று நாள் நல்ல வெயிலில் வைக்க வேண்டும். டிசம்பரில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், தகர டின்னுக்குள் காயிலை வைத்து, பக்கத்தில் 100 வாட்ஸ் குண்டு பல்பை எரிய விடுவார்கள். எல்.இ.டி. பல்பில் சூடு வராது, அது உதவாது. ஈரக்காற்று வெளியேற டின்னில் வழி இருக்க வேண்டும். அவசரத்துக்கு அடுப்பு நெருப்பில் காட்டினால் வார்னீஷ் உரிந்து விடும்.

காய்ந்து விட்டதா என்பதை கையால் தொட்டு சொல்ல முடியாது. மெகர் என்ற கருவி இருக்கிறது. 500 வோல்ட் மெகரில் காயிலுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால்தான் கரண்ட் கொடுக்கலாம். நன்றாக காய்ந்திருந்தால் இதை விட பல மடங்கு காட்டும். மெகர் வைத்து பார்த்தாச்சா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. முங்கிய மோட்டாரில் பேரிங்கையும் மாற்றி விட வேண்டும். உள்ளே போன சேறு கிரீசோடு கலந்து, ஒரு மாதத்தில் 'கரகர' என்று சத்தம் கொடுக்க ஆரம்பிக்கும்.

தொட்டிக்குள்ளேயே கிடக்கும் சப்மெர்சிபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த கவலை குறைவு. அது தண்ணீருக்குள் ஓடுவதற்கென்றே செய்தது. ஆனால் சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியும் கண்டன்சரும் முங்கி இருந்தால் அவற்றை காய வைத்து பார்க்காமல் போடக்கூடாது.

உயிர் முக்கியம்

மோட்டார் போனால் வாங்கலாம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தவுடனேயே, தரை காய்ந்திருக்கும்போதே மெயினை அணைத்து விட வேண்டும். மெயின் பெட்டியே முங்கி விட்டால், அல்லது தண்ணீரில் நின்றுதான் அதை தொட முடியும் என்றால், கிட்டே போகக்கூடாது. மின்வாரியத்துக்கு சொல்லி கம்பத்தில் இணைப்பை துண்டிக்கச் சொல்ல வேண்டும்.

உப்பு மண் எர்த்துக்கு நல்லது, எர்த் கம்பிக்கு எமன். ஈரமான உப்பு மண்ணில் மின்சாரம் நன்றாக இறங்கும். ஆனால் அதே உப்பு, கம்பி இணைக்கும் இடத்தை ஓரிரு வருடத்தில் அரித்து விடும். மேலே பார்த்தால் வயர் இருக்கும், கீழே தொடர்பு இருக்காது. மோட்டாரை தொட்டால் லேசாக 'சுர்' என்கிறது என்று சிலர் சாதாரணமாக சொல்கிறார்கள். அது சாதாரணம் இல்லை. அன்றைக்கே ஆளை கூப்பிட வேண்டிய விஷயம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டி விடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை மெயின் போர்டில் வைத்து விட்டால், இந்த ஆபத்தில் பெரும்பகுதி குறையும். ஒரு மோட்டார் விலைக்குள் முடிகிற செலவுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் இறைக்க வாடகைக்கு எடுத்து வரும் பெட்ரோல், டீசல் என்ஜினை மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயக்கம் வருவதே தெரியாமல் ஆளை முடித்து விடும். என்ஜின் வெளியே, ஓஸ் மட்டும் உள்ளே. பல நாள் மூடிக் கிடந்த தொட்டிக்குள் இறங்குவதும் அப்படித்தான். மூடியை திறந்து நன்றாக காற்றோட விட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்தி விட்டுத்தான் இறங்க வேண்டும்.

வெள்ளம் வடியும் முன்பே தொட்டியை அடியோடு காலி செய்ய வேண்டாம். தொட்டிக்குள் தண்ணீர் இருக்கும்போது அதன் கனம் வெளியே இருக்கும் ஈர மண்ணின் அழுத்தத்தை தாங்கும். காலியாகி விட்டால், வெளியில் இருக்கும் தண்ணீர் தொட்டியை மேலே தூக்கும். பிளாஸ்டிக் தொட்டி படகு மாதிரி கிளம்பி விடும். சிமெண்டு தொட்டியில் விரிசல் விழும். தெருத் தண்ணீர் வற்றி இரண்டு நாள் கழித்து இறைத்தால் போதும்.

மழைக்கு முன்பு என்ன செய்யணும்?

இந்த வேலையெல்லாம் செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும். மழை வந்த பிறகு மெக்கானிக் கடையில் இடம் இருக்காது.

மோட்டாரை தரையில் வைத்திருந்தால் இரண்டு, மூன்று அடி உயர மேடை கட்டி ஏற்றி விடலாம். உயர்த்தினால் தண்ணீர் இழுக்காது என்ற பயம் வேண்டாம். நல்ல மோட்டார் ஆறு மீட்டர் ஆழத்தில் இருந்தே இழுக்கும், வீட்டுத் தொட்டி அவ்வளவு ஆழம் இருக்காது. மேலே தகர கூரை போடலாம். ஆனால் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ சுற்றி கட்டுவது தப்பு. உள்ளே ஈரம் அடைந்து, சூடும் வெளியேறாமல், மழையை விட வேகமாக கெடும்.

கடல் காற்றில் ஓடாமல் கிடக்கும் மோட்டார்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊருக்கு போய் பத்து நாள் கழித்து வந்தால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. உடனே அணைத்து விட வேண்டும். முனக விட்டால் காயில் சூடாகி போய் விடும். மெயினை அணைத்து விட்டு, பின்பக்கம் பேன் இருக்கும் இடத்தில் தெரியும் தண்டின் வெட்டில் ஸ்குரூடிரைவர் வைத்து திருப்பி பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் உள்ளே இம்பெல்லர் துருவில் ஒட்டியிருக்கிறது. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தாலே பல நேரம் விடுபடும். லேசாக சுற்றுகிறது, ஆனாலும் கரண்ட் கொடுத்தால் முனகல்தான் என்றால் கண்டன்சர் போயிருக்கும். அது சின்ன செலவு. மோட்டாரே போச்சு என்று சொல்லி புதுசு விற்க பார்த்தால், முதலில் கண்டன்சரை மாற்றி பாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் அதை நாமே கழற்றக்கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கி இருக்கும், தொட்டால் தூக்கி போடும்.

மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் ஏர் புடிச்சிருக்கு என்று அர்த்தம். மூடியை திறந்து தண்ணீர் ஊற்றி ஓட்டினால் சரியாகும். தினமும் ஊற்ற வேண்டியிருந்தால் புட்வால்வில் மணலோ பாசியோ சிக்கியிருக்கும், அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. அதை சரி செய்யாமல் தண்ணீர் இல்லாமலேயே ஓட விட்டால் வாட்டர் சீல் சூடேறி வெடிக்கும். பிறகு தண்டு வழியாக தண்ணீர் ஒழுகி பேரிங்குக்கும், அங்கிருந்து காயிலுக்கும் போகும். ஒரு சின்ன வால்வை கவனிக்காததால் முழு மோட்டாரும் போவது இப்படித்தான்.

கனடாவிலும் இதே தலைவலி

தமிழர்கள் அதிகம் வசிக்கும் கனடாவின் டொராண்டோ பகுதியிலும் சம்ப் மோட்டார் உண்டு. ஆனால் வேலை வேறு. அங்கே வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கும். அதன் தரையில் ஒரு குழி. சுவரை சுற்றி ஊறும் தண்ணீர் அந்த குழியில் சேர்ந்ததும், மிதவை மேலே எழும்பி மோட்டார் தானாக ஓடி தண்ணீரை வெளியே தள்ளும். நாம் தண்ணீரை சேர்த்து வைக்க தொட்டி கட்டுகிறோம், அவர்கள் வெளியேற்ற குழி வெட்டுகிறார்கள். 2013 ஜூலை 8-ந் தேதியும் 2024 ஜூலை 16-ந் தேதியும் பெய்த மழையில் டொராண்டோவில் ஏராளமான நிலவறைகளில் தண்ணீர் புகுந்தது.

நமக்கு உப்பு என்றால் அவர்களுக்கு பனி. தண்ணீர் வெளியேறும் குழாய் குளிரில் உறைந்து அடைத்துக் கொள்ளும். அதனால் குழாயில் தண்ணீர் தேங்காதபடி சரிவாக அமைக்கிறார்கள். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் மோட்டாருக்கு வேலை அதிகம். அதற்கு முன்பே ஒரு வாளி தண்ணீரை குழியில் ஊற்றி, மிதவை எழும்பி மோட்டார் தானாக ஓடி நிற்கிறதா என்று சோதிப்பது அங்கே வழக்கம். நம்மூரில் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் வைத்திருப்பவர்களும் மழைக்கு முன்பு மிதவையை கையால் தூக்கி, இறக்கி இதை பார்த்து விடலாம். பாசி படிந்து மிதவை சிக்கிக் கொள்வது இங்கே அதிகம்.

வெள்ளத் தண்ணீர் இறங்கிய தொட்டியை இறைத்து, சேற்றை வழித்து, சுவரை பிளீச்சிங் பவுடர் கரைசலில் தேய்த்து கழுவிய பிறகே புது தண்ணீர் விட வேண்டும். பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை தனியாக கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து புழங்கலாம். குடிப்பதற்கு கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மின்சார புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. வெள்ள உதவிக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறை எண் 1077.