வில்லிஸ்டன்: ஒரு வாடகையின் வரலாறு

ஊர்களின் வரலாற்றை மன்னர்களையும் போர்களையும் கொண்டே எழுதிப் பழகியிருக்கிறோம். வாடகையைக் கொண்டும் எழுதலாம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், மிசௌரி நதிக்கு அருகே உள்ள வில்லிஸ்டன் அதற்குப் பொருத்தமான ஊர்.

1887இல் ரயில் பாதையோடு பிறந்தது இவ்வூர். சுற்றிலும் கோதுமை வயல்கள். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 12,512. இத்தனை சிறிய ஊரில், 700 சதுர அடி கொண்ட ஒற்றைப் படுக்கையறை அடுக்கக வீட்டின் சராசரி மாத வாடகை 2,394 டாலர் என்று 2014இன் தொடக்கத்தில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நாட்டிலேயே அதுதான் உச்சம். நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் அதற்குப் பின்னால் நின்றன.

எண்ணெய்தான் காரணம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். பாக்கன் பாறையடுக்கில் அடைபட்டிருந்த எண்ணெய், கிடைமட்டத் துளையிடலாலும் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறையாலும் வெளிவந்தது. 2008இன் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தோர் நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்தனர். ஆனால், ஆட்கள் வந்த வேகத்தில் வீடுகள் ஏன் எழவில்லை? அதற்கான விடை ஊரின் பழைய காயத்தில் இருக்கிறது.

1951இல் அருகிலுள்ள டயோகா பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1970களின் இறுதியில் இரண்டாம் எழுச்சி. மனைகள் பிரிக்கப்பட்டன, கடன் வாங்கித் தெருக்களும் குழாய்களும் போடப்பட்டன. 1980களில் எண்ணெய் விலை சரிந்ததும் கட்டுநர்கள் போய்விட்டார்கள். வீடே எழாத மனைகளுக்கான கடனை ஊர்மக்கள் பல ஆண்டுகள் சுமந்தார்கள். ஆகவே மூன்றாம் எழுச்சி வந்தபோது நகராட்சியும் கடன் கொடுப்போரும் தயங்கினர். அந்தத் தயக்கம் நியாயமானதே. எனினும் அதன் விலையும் வாடகையில்தான் ஏறியது.

எண்ணெய்க் கிணறுகள் பல மைல் தொலைவில் சிதறிக் கிடந்தன. கார் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை. ரயிலில் வந்திறங்கியவனும் முதலில் தேடியது ஒரு வண்டியைத்தான். வீடு கிடைக்காதபோது அந்த வண்டியே வீடாயிற்று. சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கும் குளிரில், கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் மனிதர்கள் உறங்கினர். ஒரு தேவாலயம் இப்படிப்பட்டவர்களுக்கு இடமளித்ததையும், அதனால் ஊருக்குள் எழுந்த பிணக்கையும் 'தி ஓவர்நைட்டர்ஸ்' (2014) என்ற ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது.

வந்தவர்களுக்காவது எண்ணெய்க் கூலி இருந்தது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்களுக்கு அதுவும் இல்லை. வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என உயர்ந்தபோது, பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஊரைவிட்டு அவர்களில் பலர் வெளியேற நேர்ந்தது.

2014இன் நடுவில் நூறு டாலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், 2016இன் தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே இறங்கியது. வாடகையும் உடன் சரிந்தது. தாமதமாக எழுந்த புதிய அடுக்ககங்களில் வீடுகள் காலியாகக் கிடந்தன. இருந்தும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மக்கள்தொகையை 29,160 என்று காட்டியது. ஊர் வளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் தலைகளை எண்ணும் கணக்கெடுப்பு, வெளியேறிய முதியவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்பதில்லை.