அவசர அழைப்பும் இணைப்பகத்துக் குரலும்

இந்திய மண்ணில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882 சனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் முறையாகத் திறக்கப்பெற்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரி போன்ற ஊர்களில், அக்கருவி வந்து சேர்ந்த பின்னரும் நெடுங்காலம் அது சிலரிடம் மட்டுமே இருந்த பொருள். அஞ்சலகம், காவல் நிலையம், மருத்துவர் இல்லம், பெருவணிகர் கடை என விரல்விட்டு எண்ணிவிடலாம். பாம்பு தீண்டியவருக்காகவோ பிள்ளைப்பேற்று வலியில் துடிக்கும் பெண்ணுக்காகவோ நள்ளிரவில் உதவி கோரியவர், முதலில் தொலைபேசி உள்ள வீட்டின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

கைப்பிடியைச் சுழற்றினால் இணைப்பகப் பலகையில் அடையாளத் தகடு விழும். பணியாளர் கம்பியைச் செருகி, 'நம்பர் ப்ளீஸ்' என்பார். அவசரத்தில் எண் எவருக்கு நினைவிருக்கும்? 'டாக்டர் வீடு' என்றாலே போதும். சிற்றூர்ப் பணியாளருக்கு மருத்துவரின் வீடும் தெரியும். அவர் வீட்டில் இல்லையெனில் எங்கே போயிருப்பார் என்பதும் பெரும்பாலும் தெரியும். ஆனால் சிறிய இணைப்பகங்கள் பல இரவில் இயங்கியதில்லை. நோயோ நேரம் பார்த்து வருவதில்லை.

வெளியூர் அழைப்பு இதனினும் கடினம். பாளையங்கோட்டையிலுள்ள பெரிய மருத்துவமனையோடு பேச டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஓர் அலகு. சாதாரண அழைப்பினும் 'அர்ஜென்ட்' இரு மடங்கு, 'லைட்னிங்' எட்டு மடங்கு கட்டணம். பருத்தி விலை கேட்கும் வணிகரின் அவசரமும் சாகக் கிடக்கும் தந்தைக்காக மகனை அழைக்கும் தாயின் அவசரமும் ஒரே தட்டில் நிறுக்கப்பட்டன, பணமே எடைக்கல். அது இல்லாதவர் தந்தியை நாடினர். சாவு, கடும் நோய் பற்றிய தந்திகளுக்கு 'எக்ஸ் எக்ஸ்' குறியிட்டு முன்னுரிமை தரும் வழக்கம் அங்கே இருந்தது. தந்தி அலுவலகம் இவ்வகையில் தொலைபேசியைவிட இரக்கமுடையது எனலாம்.

அவசர அழைப்பு பிற அழைப்புகளோடு வரிசையில் நிற்கும் இக்குறை மேலை நாட்டிலும் இருந்தது. 1935இல் இலண்டன் விம்போல் தெருவில் தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். தீயணைப்பு நிலையத்தை அழைத்த அண்டைவீட்டார் இணைப்பகத்தின் வரிசையில் காத்துக் கிடந்தார். அதன் விளைவாக 1937 சூன் 30 அன்று அங்கே 999 என்னும் எண் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் 100, 101, 102 ஆகிய எண்களுக்கும் நோக்கம் அதுவே. எனினும் எண்ணைச் சுழற்றத் தானியங்கி இணைப்பகம் வேண்டும். சிற்றூர்களுக்கு அது பரவலாக எட்டியது, 1984இல் தோன்றிய சி-டாட் நிறுவனம் ஊரக இணைப்பகங்களை உருவாக்கிய பின்னரே. அப்போதும் பல வீடுகளில் சுழல்வட்டில் சிறு பூட்டுத் தொங்கியது! சாவி வீட்டுத் தலைவரிடம்.

தமிழகத்தில் 108 அவசர ஊர்தித் திட்டம் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கட்டணமில்லை, இரவு பகல் வேறுபாடில்லை, வரிசையுமில்லை. சென்னையிலிருந்து பேசும் குரல், சிவகிரி எந்த மாவட்டம், எந்தத் தெரு, அருகில் கோயிலா பள்ளியா என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறது. பழைய இணைப்பகப் பணியாளர் கேட்கத் தேவையில்லாதிருந்த கேள்விகள் அவை.