மலபார்த் தாவரப் பெயர்களும் ஒலிப்புக் குறிப்பும்

சப்பானிய நூல்களில் சீன எழுத்துகளின் அருகே அவற்றின் ஒலிப்பைச் சிறிய கனா எழுத்துகளால் காட்டுவர். இணையப் பக்கங்களுக்கும் இம்முறை 2001இல் வரையறுக்கப்பட்டது. ஒரே பெயரைப் பல எழுத்துகளில் இணைத்துத் தரும் இதனையொத்த முயற்சி, பதினேழாம் நூற்றாண்டிலேயே கொச்சியில் உருப்பெற்றது.

டச்சு ஆட்சியாளர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலையாள மருத்துவர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணரும் அதற்குத் துணைநின்றனர். அதன் படங்கள் பலவற்றில் செடிப் பெயர்கள் உரோமன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டுள்ளன.

பலாவைக் குறிக்கும் 'சக்கமரம்' என்னும் மலையாளப் பெயரின் முதல் மெய்யொலிக்கு டச்சு வழக்குப்படி டி, எஸ், ஜே என்னும் மூன்று உரோமன் எழுத்துகள் இடப்பட்டன. இரட்டித்த ககரம் ஒற்றையாயிற்று. மலையாள எழுத்தில் இவ்விரட்டிப்பு மறைவதில்லை. எனினும், 1753இல் லின்னேயசு இந்நூற்பெயர்களை உரோமன் வடிவிலேயே எடுத்தாண்டார். ஒலிப்புக்குத் துணையாக வந்த வடிவம் மூலத்தின் இடத்தைப் பெற்றது.

ஆதலின் மொழிபெயர்ப்பாளர் மலையாளப் பொறிப்பையே முதற்சான்றாகக் கொள்ளல் வேண்டும். மட்டாஞ்சேரியில் கொங்கணி இன்றும் வழங்குவதால், நாகரிப் பெயர்களை வாழும் வழக்கோடு ஒப்பிட்டு ஆராயவும் இயலும்.