துடைப்பம் பறந்த கதை

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்து, "உங்க செட்டிலேர்ந்து ஒரு கட்டுரைகூட வரலே. ஆனா மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிடாதே, ஏற்கெனவே ஏழு வந்தாச்சு" என்றார். எனவே சாம்பாரை விட்டுவிட்டுத் துடைப்பத்தைப் பற்றி எழுதுகிறேன். கெமிக்கல் படித்தவனுக்கும் துடைப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். நடுவில் கெமிஸ்ட்ரி வருகிறது.

கேள்வி என் மகளுடையது. பள்ளி மாறுவேடப் போட்டிக்குக் கூம்புத் தொப்பியும் துடைப்பமுமாகச் சூனியக்காரி வேஷம் கட்டியவள், "ஏம்ப்பா, பறக்கிறதுக்கு வேற எதுவுமே கிடைக்கலியா அவங்களுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நம்மூர்ப் பேய்க்குத் துடைப்பத்தைக் கண்டாலே ஆகாது. வேப்பிலையோடு அதையும் எடுத்துத்தான் பேய் ஓட்டுவார்கள். ஐரோப்பாவில் மட்டும் அது எப்படி வாகனமாயிற்று? வேடிக்கையாகத்தான் தேட ஆரம்பித்தேன். போகப் போக வேடிக்கை குறைந்துவிட்டது.

முதல் ஆச்சரியம், சூனியக்காரி பறக்கிறாள் என்பதைப் பல நூற்றாண்டுகள் நம்ப மறுத்தது கிறிஸ்தவத் திருச்சபையேதான். கி.பி. 906 வாக்கில் ரெஜினோ என்ற ஜெர்மானியத் துறவி, பிஷப்புகளின் உபயோகத்துக்காக ஒரு விதித் தொகுப்பு தயாரித்தார். அதில் ஒரு பகுதி: சில பெண்கள் இரவில் டயானா தேவதையோடு மிருகங்கள் மேல் ஏறி வெகுதூரம் போய் வருவதாக நினைக்கிறார்கள்; அது வெறும் கனவு, சாத்தானின் ஏமாற்று; அதை நிஜமென்று நம்புவதுதான் பாவம். 1140 வாக்கில் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்ட நூலிலும் இது இடம்பெற்றது. ஆக, ஐந்நூறு வருஷம் அதிகாரபூர்வமான நிலை இதுதான்: யாரும் பறக்கவில்லை, பேசாமல் தூங்குங்கள். கவனியுங்கள், இதில் மிருகம்தான் வருகிறது. துடைப்பம் இல்லை.

பிறகு யார் மாற்றினார்கள்? 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்ப்ஸ் மலையின் மேற்குப் பக்கத்தில், மதத்துக்கு எதிரானவர்களைத் தேடிப் பிடிக்கும் விசாரணைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. அங்கே வால்டென்ஸியர் என்று ஒரு பிரிவினர். பைபிளைத் தங்கள் பேச்சு மொழியில் படித்துத் தாங்களே போதிக்கலாம் என்றவர்கள்; அதனால் ஒளிந்து மறைந்து கூடினார்கள். அந்த ரகசியக் கூட்டம் என்ற குற்றச்சாட்டையும், அண்டை வீட்டுப் பசு பால் மரத்துப்போனதற்குக் கிழவியைப் பழிக்கும் பழைய கிராமத்துச் சந்தேகத்தையும் யாரோ ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். இப்போது சூனியக்காரி தனி ஆள் இல்லை. ஒரு சங்கத்தின் உறுப்பினர்!

இங்கேதான் ஒரு டிசைன் பிரச்னை. கூட்டம் நடந்தது எங்கோ மலை உச்சியில், நள்ளிரவில். குற்றம் சாட்டப்பட்ட அம்மாளோ ராத்திரி பூரா தன் படுக்கையில் இருந்திருக்கிறாள், புருஷனே சாட்சி. இரண்டையும் பொருத்துவது எப்படி? பறந்து போனாள், விடிவதற்குள் பறந்து வந்தாள், படுக்கையில் கிடந்தது மாய உருவம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பறத்தல் இல்லாமல் வழக்கே நிற்காது. அது மட்டுமல்ல, கூட்டத்துக்குப் போனதாக ஒருத்தி ஒப்புக்கொண்டதும் அடுத்த கேள்வி தயார்: அங்கே வேறு யாரையெல்லாம் பார்த்தாய்? ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். நாம் செயின் ரியாக்‌ஷன் என்று படித்தோமே, அதேதான்.

துடைப்பத்தின் மிகப் பழைய படங்களில் ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மார்ட்டின் லெ ஃபிராங்க் என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1440-42இல் எழுதிய நெடுங்காவியத்துக்கு 1451இல் எடுத்த கைப்பிரதி. பக்கத்தின் ஓரத்தில் இரண்டு பெண்கள், ஒருத்தி துடைப்பத்தின் மேல், இன்னொருத்தி வெறும் கம்பின் மேல். தலைப்பில் வால்டென்ஸியர் என்றே குறிப்பு. இதில் விசேஷம் என்னவென்றால், அந்தக் காவியம் பெண்களுக்காக வாதாடும் காவியம். பெண்களைத் திட்டும் எதிர்க்கட்சிக்காரன்தான் அதில் சூனியக்காரிகள் பறப்பதைச் சொல்கிறான். கதாநாயகன் அதெல்லாம் பிரமை என்று மறுக்கிறான். மறுப்பை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, படம் நின்றுவிட்டது.

அடுத்த இரண்டே வருஷத்தில், 1453இல், துடைப்பத்தில் பறந்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டார். பெண் இல்லை, கியோம் எடெலின் என்ற பாதிரியார்! மடத்துத் தலைவர், இறையியல் டாக்டர். இப்படிப் பறப்பதெல்லாம் கற்பனை என்று முன்பு பிரசங்கம் செய்தவர். அப்படிப் பிரசங்கம் செய்யச் சொன்னதே சாத்தான்தான் என்று அவர் வாயாலேயே வரவழைத்து, ஆயுள் சிறையில் தள்ளினார்கள். சந்தேகப்படுபவனும் குற்றவாளி என்று ஆகிவிட்டால் பிறகு யார் வாய் திறப்பார்கள்? 1459-60இல் வட பிரான்ஸின் அராஸ் நகரில் இதே பாணியில் பலரைப் பிடித்து எரித்தார்கள். 1491இல் பாரிஸ் நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகள் தவறு என்று அறிவித்தது. எரிந்தவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

சரி, ஏன் துடைப்பம்? வாக்குமூலங்களில் ஆடு வருகிறது, முக்காலி வருகிறது, கவைக்கோல் வருகிறது, நூல் நூற்கும் கழி வருகிறது. 1500 வாக்கில் ட்யூரர் வரைந்த சூனியக்காரி ஆட்டின் மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் வீட்டிலும் கொட்டிலிலும் கைக்குக் கிடைத்தவை. விசாரிப்பவர் எதில் போனாய் என்று நெருக்கும்போது, ஏழைக் கிழவியின் கண்ணில் முதலில் தெரிவது அடுப்பு மூலையில் சாத்தியிருக்கும் சாமான்தானே. அந்தப் பட்டியலிலிருந்து துடைப்பத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஓவியர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1565இல் ப்ரூகல் படம் ஒன்றில் புகைபோக்கி வழியே துடைப்பத்தில் ஏறிப் போகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோயாவும் கிழவியையும் இளம்பெண்ணையும் ஒரே துடைப்பத்தில் டபுள்ஸ் அனுப்பினார். பார்த்தவுடன் இது பெண் என்று புரிய வேண்டுமானால், கவைக்கோலைவிடத் துடைப்பம் சௌகரியம்.

இப்போது கெமிஸ்ட்ரி. பறக்கும் முன் உடம்பிலும் கம்பிலும் ஒரு களிம்பு பூசுவார்கள் என்று பல வாக்குமூலங்களில் உண்டு. பெல்லடோனா, மாண்ட்ரேக், நம் நாட்டு மருந்துக் கடையில் குரோசானி ஓமம் என்று கொடுக்கும் ஹென்பேன் என்று விஷச் செடிகளைக் கொழுப்பில் குழைத்த களிம்பாம். நம் ஊமத்தையின் உறவுக்காரர்கள். இவற்றிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமைன் சமாசாரங்கள் தோல் வழியாக ரத்தத்தில் ஏறும் என்பது உண்மை. பிரயாண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஸ்கோபோலமைன் பட்டை ஒட்டிக்கொள்கிறார்களே, அதே தத்துவம். அளவு கூடினால் பிதற்றல், மாயக்காட்சி. இன்னும் கூடினால் ஆள் காலி. (விஷப்பரீட்சை வேண்டாம், பழைய மாணவர்களே.) ஆந்த்ரேஸ் லகூனா என்ற ஸ்பெயின் டாக்டர், 1545இல் மெட்ஸ் நகரில் ஒரு தம்பதியிடம் பிடிபட்ட பச்சைக் களிம்பை, தூக்கமில்லாமல் தவித்த கொலைத்தண்டனைக்காரன் மனைவிக்குப் பூசிப் பார்த்தார். அம்மாள் 36 மணி நேரம் தூங்கினாள். எழுப்பியதும், நல்ல வாலிபனோடு இருந்தேனே, ஏன் எழுப்பினீர்கள் என்று புருஷன் முன்னாலேயே கோபித்துக்கொண்டாளாம். இத்தாலியின் டெல்லா போர்ட்டா 1558இல் எழுதிய நூலில், களிம்பு பூசித் தூங்கிய கிழவியைக் கதவிடுக்கில் பார்த்தது பற்றிச் சொல்கிறார். எழுந்தவள் கடல் தாண்டி வந்தேன் என்று சாதித்தாளாம்.

நம்மைப் போன்ற ஆட்களுக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். மர்மத்தை மாலிக்யூல் தீர்த்துவைக்கிறது! ஆனால் சேர்மானங்களை எழுதியவர்கள் எல்லாம் படித்த டாக்டர்கள், பண்டிதர்கள். களிம்பைப் பிடித்துச் சோதித்த இடங்களில் என்ன ஆயிற்று என்பதற்குப் பின்னால் வருகிறேன். சித்திரவதைக் கொட்டடியில் இருப்பவள் பறந்தேன் என்று சொல்வதற்கு அட்ரோபின் தேவையில்லை. அங்கொருத்தி இங்கொருத்தி களிம்பு பூசியிருக்கலாம். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்களுக்கு அது காரணமாகாது.

ஜனங்களிடம் உண்மையிலேயே இருந்த நம்பிக்கை எப்படி உருமாறியது என்பதற்கு, எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம் வட இத்தாலியின் ஃப்ரியூலி பகுதி. கார்லோ கின்ஸ்பர்க் என்ற வரலாற்றாசிரியர் அங்குள்ள மத விசாரணைக் கட்டுகளைப் படித்து 1966இல் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. பனிக்குடச் சவ்வு தலையில் ஒட்டியபடி பிறந்தவர்கள் அங்கே பெனாந்தாந்தி. வருஷத்துக்கு நான்கு தடவை, விரத நாட்களின் வியாழக்கிழமை ராத்திரி, உடம்பு படுக்கையில் கிடக்க இவர்களின் உயிர் மட்டும் வயல்வெளிக்குப் போய்ச் சூனியக்காரர்களோடு சண்டை போடும். இவர்கள் கையில் ஆயுதம் சோம்புத் தட்டை, நாம் பிரியாணியில் போடும் அதே சோம்பு. எதிராளிகள் கையில் சோளத்தட்டை. இவர்கள் ஜெயித்தால் அந்த வருஷம் நல்ல விளைச்சல். அந்த ஊர்ப்பக்கம் துடைப்பம் கட்டுவதும் ஒருவகைச் சோளக்கதிரில்தான். சூனியக்காரியின் துடைப்பத்துக்கு இதுவும் ஒரு மூலமாக இருக்கலாம் என்று கின்ஸ்பர்க் யோசிக்கிறார். 1575இல் முதலில் விசாரிக்கப்பட்ட இரண்டு பேரும், "நாங்கள் பயிரைக் காப்பாற்றுகிறவர்கள் சாமி" என்று வெள்ளந்தியாகச் சொன்னார்கள். விசாரித்தவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் படித்த புத்தகத்தில் இரவில் கிளம்புகிறவர்கள் எல்லாம் சாத்தானின் ஆட்கள்தான். அதே கேள்விகளை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1640களில் பெனாந்தாந்திகளே, "ஆமாம், நாங்கள் சாத்தானின் கூட்டத்துக்குப் போகிறவர்கள்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எழுபது வருஷத்தில் காவல்காரனே திருடனாகிவிட்டான்.

இதற்கு நேர்மாறான ஒரு மனிதர், இந்தக் கதையில் நான் கும்பிடும் ஒரே ஆசாமி, அலோன்ஸோ தெ ஸலஸார். ஸ்பெயினின் மத விசாரணை மன்றம் என்றாலே நமக்கு நெருப்பும் சங்கிலியும்தான் ஞாபகம் வரும். அவர் அந்த மன்றத்து நீதிபதிதான். 1610 நவம்பரில் லோக்ரோன்யோ நகரில் ஆறு பேரை உயிரோடு எரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர். மனசு உறுத்தியிருக்க வேண்டும். 1611இல் பாஸ்க் கிராமங்களுக்கு நேரில் போய் 1,802 பேரின் வாக்குமூலங்களைக் கேட்டார். அதில் 1,384 பேர் குழந்தைகள்! அவர் செய்ததை எந்த ஆய்வகக் கையேட்டிலும் போடலாம். கூட்டத்துக்கு எப்படிப் போனாய், எங்கே நடந்தது, எந்த வழியாகத் திரும்பினாய் என்று தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டார், பதில்கள் ஒத்துப்போகவில்லை. கூட்டம் நடந்ததாகச் சொன்ன ஒரு ராத்திரியில் அவருடைய எழுத்தர்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள், ஒன்றையும் காணோம். பறக்கும் களிம்பு என்று கொண்டுவந்த இருபதுக்கும் மேற்பட்ட சட்டிகளை மருத்துவர்களிடம் கொடுத்துச் சோதித்தார். மிருகங்களுக்குக் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் போலி, பயத்தில் தயார் செய்தவை. பேசவும் எழுதவும் ஆரம்பித்த பிறகுதான் இந்த ஊர்களில் சூனியம் வந்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். சக நீதிபதிகள் இருவரும் எதிர்த்தார்கள். 1614இல் மேலிடம் புது விதிகளை அனுப்பியது. ஸ்பெயின் மத விசாரணை மன்றம் சூனியக்காரிகளை எரிப்பது ஏறக்குறைய அத்தோடு நின்றது. தீயை மூட்டியவர்களில் ஒருவரே அணைக்கவும் செய்தார்.

ஜெர்மனியில் அப்படி ஒருவர் இல்லை. அங்கே உள்ளூர் நீதிமன்றங்கள்தான் ஆட்டம் போட்டன. நாம் மூன்று விதிகளாக மனப்பாடம் செய்தோமே, அந்தக் கெப்ளரின் அம்மா காதரீனாவையே 1620இல் பிடித்துப் போட்டார்கள். மூலிகை கொடுக்கும் எழுபது தாண்டிய கிழவி. 14 மாதம் சங்கிலி. கெப்ளர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சாட்சியங்களை வரி வரியாக உடைத்து வாதாடினார். சித்திரவதைக் கருவிகளைக் கண்ணெதிரே காட்டியும் அம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. 1621இல் விட்டார்கள், 1622இல் இறந்துபோனாள். கெப்ளருக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. சந்திரனுக்குப் போவது பற்றி அவர் முன்பு எழுதிய கற்பனைக் கதையில், மூலிகை விற்கும் ஓர் அம்மா ஆவியைக் கூப்பிட்டு வழி கேட்கிறாள். அந்தக் கையெழுத்துப் பிரதி கைமாறிப் போனதும் வம்புக்கு ஒரு காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

மொத்தம் எத்தனை பேர்? 90 லட்சம் என்று சொல்கிற புத்தகங்கள் உண்டு; ஆதாரம் கிடையாது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவது 40,000 முதல் 60,000 வரை, முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஐரோப்பியச் சமாசாரம், முடிந்துபோன கதை என்று நாம் கை கழுவ முடியாது. சூனியக்காரி என்று பெண்களை அடிப்பதைத் தடுக்க பீகார் தனிச் சட்டம் கொண்டுவந்தது 1999இல்தான். 2001இல் ஜார்க்கண்டும் அதை எடுத்துக்கொண்டது. அங்கே துடைப்பம் கிடையாது, பறப்பதும் கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் போதும்.

துடைப்பத்துக்கே திரும்பி, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1692இல் அமெரிக்காவின் சேலம் வழக்குகள். ஆன் ஃபாஸ்டர், எழுபது தாண்டிய விதவை. நாள் கணக்கில் கேள்வி கேட்டதில், மார்த்தா கேரியர் என்பவளோடு ஒரு கம்பில் ஏறிக் கூட்டத்துக்குப் பறந்ததாக ஒப்புக்கொண்டாள். மரங்களுக்கு மேலே போகும்போது கம்பு முறிந்ததாம். கேரியரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தப்பினாளாம். காலில் இன்னும் வலியாம். சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் வைத்திருந்தேன் என்றாள். கேரியரை ஆகஸ்டில் தூக்கில் போட்டார்கள். ஃபாஸ்டர் டிசம்பரில் சிறையிலேயே செத்துப்போனாள். அவள் மகன் சிறைச் செலவுக்கான பணத்தைக் கட்டிய பிறகுதான் உடலை எடுத்துப்போக விட்டார்கள்.