கற்றல் குறைபாடும் ஆசிரியர் பயிற்சியும்

அறிவுத்திறனில் குறையில்லாத பிள்ளைக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் விடாமல் தொடரும் தடுமாற்றமே கற்றல் குறைபாடு. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896இல் இப்படிப்பட்ட 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். நம் பள்ளிகளிலோ இத்தகைய பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கிடைத்தவை அடியும் கடைசி பெஞ்சும்தான்.

தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கு இதில் முறையான பயிற்சி தர முன்வந்த முன்னோடி அமைப்பு, 1990களின் தொடக்கத்தில் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம். அமெரிக்காவில் ஆர்டனும் கில்லிங்காமும் 1930களில் வகுத்த பலபுலன் முறை இத்துறையின் அடிப்படை: பிள்ளை எழுத்தைப் பார்க்கிறது, ஒலிக்கிறது, மணலில் விரலால் வரைகிறது. தமிழுக்கு இதை அப்படியே எடுத்தாள முடியாது. 'கொ' என்பதில் ககர ஒலியே முதலில் வருகிறது. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே போகிறது. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டும் கண்ணுக்கும் காதுக்கும் நெருங்கியவை. பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்று பிரித்தறியும் பயிற்சி ஆசிரியருக்கு இல்லாவிட்டால், நூறு முறை எழுதச் சொல்வதே வைத்தியமாகிவிடும்.

சட்டம் தாமதமாகவே வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டைச் சேர்க்கவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டமே சேர்த்தது. இதற்கிடையே அனைவருக்கும் கல்வி இயக்கம் வட்டார வள மையங்களையும் சிறப்பாசிரியர்களையும் கொண்டுவந்தது, பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது உள்ளடக்கிய கல்வியும் பாடமானது. திருச்சி மாவட்டத்தில் மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி ஒன்றியங்களின் கிராமப் பள்ளிகளுக்கு இந்த உதவி வட்டார வள மையம் வழியாகவே வருகிறது. சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் போய்வர வேண்டியவர். பிள்ளையோடு அன்றாடம் இருப்பவர் வகுப்பாசிரியர்தான்.

2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கியது. பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடுகட்ட வந்த திட்டம் அது. கற்றல் குறைபாட்டைக் கண்டறிய வந்ததல்ல. ஆனாலும் அரும்பு நிலையிலேயே தேங்கிவிடும் பிள்ளையை விசாரித்துப் பார்க்க அது நல்ல வாய்ப்பு.

மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியரே முதல் சோதனையைச் செய்ய வேண்டும் என்றது 2018இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல். மருத்துவச் சான்றிதழ் அதற்குப் பிறகுதான். எனவே பயிற்சியில் முதலிடம் பெற வேண்டியவர்கள் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்கள். அவர்களுக்கு ஒருநாள் கூட்டம் போதாது.