லித்தியம் கிரீஸ் பிறந்த கதை

லாரியின் வீல் பேரிங், கிணற்று மோட்டார், மாவு மில்லின் ஷாஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் இன்று ஒரே டப்பா கிரீஸைப் போடுகிறோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘எம்.பி.3 ஒரு கிலோ’ என்று கேட்டால் போதும். எதற்கு என்று கடைக்காரர் விசாரிப்பதில்லை. 1940-களுக்கு முன் அப்படி வாங்க முடியாது. சேசிஸுக்கு ஒன்று, வீல் பேரிங்குக்கு ஒன்று, வாட்டர் பம்புக்கு ஒன்று என்று தனித்தனி கிரீஸ் வைத்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பேரிங் போய்விடும்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. அதில் பெரும்பகுதி, எண்பது தொண்ணூறு சதவீதம்கூட, சாதாரண மசகெண்ணெய்தான். மீதியில் முக்கியமானது சோப்பு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாக அந்தச் சோப்பு பின்னிக்கொண்டு, எண்ணெய் ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது. அகல் விளக்கின் திரி எண்ணெயை ஏந்தி, வேண்டிய அளவு மட்டும் விடுவதைப் போலத்தான். தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெய். அந்த எண்ணெயை இருக்க வேண்டிய இடத்தில் இருத்துவது சோப்பு. எந்த உலோகத்தின் சோப்பு என்பதை வைத்தே கிரீஸின் குணம் அமைகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் பரவியது சுண்ணாம்புச் சோப்பு. கொழுப்பும் சுண்ணாம்பும் மலிவு, செய்வதும் எளிது. தண்ணீர் பட்டாலும் கரையாது. ஆனால் பழைய கால்சியம் கிரீஸின் கட்டுமானம் நிற்பதே அதற்குள் இருக்கும் துளி ஈரத்தால்தான். சூடு 80 டிகிரியை நெருங்கினால் அந்த ஈரம் வெளியேறும். சோப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். அடுத்து வந்த சோடியம் சோப்பு சூட்டைத் தாங்கியது. ஆனால் அது துணி சோப்புக்கு நெருங்கிய உறவு. தண்ணீர் புகுந்தால் பால்போல் கலங்கிக் கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீரா, சூடா, எதைத் தாங்க வேண்டும் என்று மெக்கானிக் முடிவு செய்தாக வேண்டிய காலம் அது.

இரண்டையும் தாங்கும் சோப்பு லித்தியத்தில் கிடைத்தது. உலோகங்களிலேயே மிக இலேசானது லித்தியம். அதன் சோப்பைக் கொண்டு கிரீஸ் செய்வதற்கான காப்புரிமைகளை அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் 1942-ல் பெற்றார். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். தரையில் வெயிலில் கொதித்து நிற்கும் விமானம், மேலே ஏறியதும் உறைபனிக் குளிருக்குப் போகும். அதன் பேரிங்குகளுக்கு உருகவும் செய்யாத, இறுகவும் செய்யாத கிரீஸ் அவசரமாகத் தேவைப்பட்டது.

ஆனால் லித்தியம் கிரீஸை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது உலோகம் மட்டும் அல்ல, ஆமணக்கு. நம் ஊர்களில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மையாக அச்சில் தடவினார்களே, அதே எண்ணெய். முதல் உலகப் போரில் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்கள் ஓடியதும் அதை ஊற்றித்தான்; பெட்ரோலில் அது எளிதில் கரைவதில்லை. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம். பதினெட்டு கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலியில் பன்னிரண்டாவது இடத்தில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி தொங்குகிறது. எந்தச் சமையல் எண்ணெயிலும் அது இப்படி மலிந்து கிடப்பதில்லை. எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் மெழுகுபோல் கட்டியாகும். அதன் அமிலத்தை லித்தியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் சோப்பு. அந்தக் கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் சோப்பு கயிறுபோல் முறுக்கிய நீண்ட இழைகளாக வளர்கிறது. பேரிங் எவ்வளவு நேரம் போட்டுக் கசக்கினாலும் அந்த இழைகள் சுலபத்தில் அறுவதில்லை. உலகில் ஆமணக்கு அதிகம் விளையும் நாடு இந்தியா. அதிலும் பெரும்பங்கு குஜராத்தில்.

தயாரிப்பில் மனசைக் கவர்வது ஆறவைக்கும் கட்டம். பெரிய கெட்டிலில் எண்ணெயின் ஒரு பகுதியோடு சோப்பைக் காய்ச்சி, 200 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் எல்லாம் தெளிந்த திரவமாகிவிடும். அந்த நிமிடம் அது கிரீஸ் அல்ல. ஆற ஆறத்தான் இழை பிடிக்கும். ஆறும் வேகம் மாறினால் இழையின் நீளமும் மாறும். அதே சரக்கு, அதே அளவு, ஆனால் வேறு கிரீஸ். கைப்பக்குவம் இங்கேதான்.

இனி டப்பாவின் மேல் இருப்பதைப் படிக்கலாம். எம்.பி. என்றால் மல்டி பர்பஸ். பல வேலைக்கும் ஒன்று. 3 என்பது கெட்டித்தன்மையின் எண். 1933-ல் தொடங்கிய அமெரிக்க கிரீஸ் தயாரிப்பாளர் சங்கமான என்.எல்.ஜி.ஐ. வகுத்த வரிசை அது. 25 டிகிரியில் கிரீஸை ஒரு கிண்ணத்தில் அடைத்து, துளையிட்ட தட்டால் 60 முறை மேலும் கீழும் இடிப்பார்கள். பிறகு ஒரு உலோகக் கூம்பை அதன்மேல் விடுவார்கள். 5 வினாடியில் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் எண் 2. 22 முதல் 25 வரை என்றால் எண் 3. பூஜ்யம் மூன்று போட்ட வகை கூழ்போல் ஓடும். 6 சோப்புக் கட்டிபோல் இருக்கும்.

எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இந்த எண் கெட்டியை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் எவ்வளவு தடித்தது என்பது வேறு கணக்கு. அதை 40 டிகிரியில் அளந்து சென்டிஸ்டோக்கில் தருவார்கள். 2 என்று போட்ட இரண்டு டப்பாக்களில் ஒன்றில் வேகமாகச் சுழலும் மோட்டாருக்கான மெல்லிய எண்ணெயும், மற்றதில் மெதுவாக உருளும் பாரத்துக்கான தடித்த எண்ணெயும் இருக்கலாம். கையில் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இ.பி. என்று இருந்தால், கடும் அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழியும்போது உலோகத்தைக் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. கிரீஸின் சிவப்பு, நீல நிறங்கள் சாயம் மட்டுமே.

டிராப்பிங் பாயின்ட் இன்னொரு குழப்பம். அடியில் துளை உள்ள விரல்நுனி அளவுக் கிண்ணத்தில் கிரீஸைப் பூசி மெல்லச் சூடேற்றுவார்கள். முதல் சொட்டு விழும் வெப்பநிலைதான் அது. பழைய கால்சியம் கிரீஸுக்கு 100 டிகிரிக்குள். லித்தியத்துக்கு 180-க்கு மேல். பிறகு வந்த லித்தியம் காம்ப்ளெக்ஸ் 260 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு வரை ஓட்டலாம் என்பது அதன் பொருள் அல்ல. அதற்கு வெகுமுன்னரே எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். சாதாரண லித்தியம் கிரீஸைத் தொடர்ந்து ஓட்ட 120 டிகிரியை ஒட்டிய அளவே பாதுகாப்பு.

பழைய சோடியம் கிரீஸ் மிச்சமிருக்கும் பேரிங்கில் லித்தியத்தை அடைப்பதும் ஆபத்து. இரண்டு சோப்புகளும் ஒத்துப்போகாமல் கலவை இளகி ஒழுகிவிடும். துடைத்துக் கழுவிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும்.

இன்றும் உலகில் தயாராகும் கிரீஸில் பெரும்பங்கு லித்தியம் வகைதான். ஆனால் மின்வாகனங்களின் பேட்டரிக்கும் அதே லித்தியம் தேவைப்படுவதால் விலை ஏறி இறங்கி, கிரீஸ் ஆலைகளைத் தடுமாற வைக்கிறது. அதனால் பல ஆலைகள் மறுபடி கால்சியத்தின் பக்கம் திரும்பியிருக்கின்றன. இது பழைய சுண்ணாம்புச் சோப்பு அல்ல. கால்சியம் சல்ஃபோனேட் என்ற புது வகை. தண்ணீரையும் தாங்குகிறது, சூட்டையும் தாங்குகிறது, துருவையும் தடுக்கிறது.